ஜெயித்துக் கொடுத்தவரை எப்போது அனுப்புவது?

2019 நவம்பர் 25, இரவு. சென்னை நேரு ஸ்டேடியம். சென்னையின் எஃப்.சி. அணிக்கும் ஹைதராபாத் அணிக்கும் ஐ.எஸ்.எல். கால்பந்து ஆட்டம். அந்த சீசனில் அதற்கு முன்பு நான்கு ஆட்டங்கள் ஆடியிருந்தது சென்னை. நான்கிலும் சேர்த்து அது போட்ட கோல்கள் எத்தனை தெரியுமா? பூஜ்யம்!

ஐந்தாவது ஆட்டமும் அதே கதையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூறு நிமிடம் முடிந்துவிட்டது, கோல் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்... 450 நிமிடம்! ரசிகர்கள் சிலர் பைக் எடுக்கக் கிளம்பியிருப்பார்கள். அப்போதுதான், கூடுதல் நேரத்தில், ஷெம்ப்ரி முதல் கோலைப் போட்டார். ஸ்டேடியம் குலுங்கியது. குலுங்கி முடிப்பதற்குள் ஹைதராபாத் திருப்பி ஒரு கோல். போச்சுடா என்று தலையில் கை வைத்தால், அடுத்த நொடிகளில் வால்ஸ்கிஸ் இன்னொன்றைப் போட்டார். சென்னை 2, ஹைதராபாத் 1. மூன்று கோலும் தொண்ணூறாவது நிமிடத்துக்கு அப்புறம்! சினிமாவில் இப்படி ஒரு கிளைமாக்ஸ் வைத்தால் ‘ஓவர் சார்’ என்பார்கள்.

மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த வெள்ளைக்காரர் ஜான் கிரெகரிக்கு அப்போது வயது 65. சென்னை அணியின் மேனேஜர். மூன்று நாள் கழித்து ஒடிசாவோடு ஒரு ஆட்டம், 2-2 டிரா. அதற்கும் இரண்டு நாள் கழித்து, நவம்பர் 30-ம் தேதி, கிளப்பும் கிரெகரியும் பிரிவதாக அறிவிப்பு வந்தது.

ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி. இதற்கு அனுப்பாமல் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். ஆனால் அந்த மனிதர் யார் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், விஷயம் அவ்வளவு லேசில்லை என்பது புரியும்.

சென்னையின் எஃப்.சி. 2014-ல் பிறந்த கிளப். அபிஷேக் பச்சன், தோனி, வீடா டானி என்று பளபளப்பான உரிமையாளர்கள். முதல் மேனேஜர் மார்கோ மாட்டராசி. ஆமாம், 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜிடேனிடம் தலையால் முட்டு வாங்கிய அதே மாட்டராசி! அவருடைய 2015 சீசன் ஒரு தனிக் கதை. நவம்பர் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, திடீரென்று விழித்துக்கொண்டு அரையிறுதிக்குப் போனது. டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்க, சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியை புனேயில் போய் ஆடினார்கள். இறுதிப் போட்டி கோவாவில், கோவாவோடு. 87-வது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கியிருந்த அணி, 3-2 என்று ஜெயித்தது. வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களைப் பறிகொடுத்திருந்த ஊருக்கு அந்த டிசம்பரில் கிடைத்த ஒரே சந்தோஷ சமாச்சாரம் அதுவாகத்தான் இருக்கும்.

மாட்டராசியை விடுவார்களா? விடவில்லை. 2016-ல் அணி எட்டில் ஏழாவது இடம். 2017 மார்ச்சில் மாட்டராசி போனார். அந்த நாற்காலிக்கு வந்தவர்தான் கிரெகரி.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா கிளப்பை எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி வரை (2000-ல்) கொண்டுபோனவர். ரிட்டயர்மென்ட்டுக்கு முன்னால் ஒரு வெயில் ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவராக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். முதல் சீசனிலேயே அணியை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். 2018 மார்ச் 17-ம் தேதி, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில், லீக்கில் எட்டுப் புள்ளி முன்னால் நின்ற பெங்களூரு அணியை அவர்கள் வீட்டிலேயே வைத்து 3-2 என்று சாய்த்தார். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட, மெயில்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில்கார தடுப்பாட்டக்காரர் தலையாலேயே இரண்டு கோல் முட்டினார். காவிரிப் பிரச்னை தெரிந்தவர்களுக்கு, பெங்களூரில் போய் ஜெயிப்பது சென்னைக்காரனுக்கு எப்படி இனிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் அந்த அணியில் இருந்தார். அனிருத் தாப்பா என்கிற இருபது வயதுப் பையனை நம்பி நடுக்களத்தைக் கொடுத்தார் கிரெகரி. கிரெகரி இங்கே செல்லப் பிள்ளையானதில் ஆச்சரியம் உண்டா?

மறு வருடம் அதே அணி... பத்தில் பத்தாவது! 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 13 தோல்வி, ஒன்பது புள்ளி. முந்தைய சீசனில் ஒன்பது கோல் போட்ட ஜெஜெ, இந்த சீசனில் கோல் கம்பம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே மறந்தவர் மாதிரி ஆடினார். தனபால் கணேஷுக்கு முழங்காலில் அடி. தடுப்பாட்டத்தின் தூணாக இருந்த செரெனோ அணியில் இல்லை.

இங்கேதான் கேள்வி வருகிறது. வெளியே அனுப்புவதா, வேண்டாமா?

இந்த மாதிரி சமயத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் அலெக்ஸ் ஃபெர்குசன் பெயரை எடுப்பார். 1986-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார், 1989-90 லீகில் பதின்மூன்றாவது இடம், ‘போய்யா’ என்று ரசிகர்களே பேனர் பிடித்தார்கள், நிர்வாகம் பொறுமை காத்தது, அப்புறம் 2013 வரை 38 கோப்பைகள்! கதை உண்மைதான். ஆனால் இதை உதாரணம் காட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பொறுமை காத்தும் உருப்படாமல் போன கிளப்புகளைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை. லாட்டரியில் ஜெயித்தவன் போட்டோதானே பேப்பரில் வரும்? அதுவும் தவிர, ஃபெர்குசன் அப்போது அங்கே எதையும் ஜெயித்திருக்கவில்லை. ஜெயித்துக் கொடுத்தவரை, நேசிக்கப்படுகிறவரை அனுப்புவது வேறு சமாசாரம்.

அதற்கு சரியான ஆள் பிரையன் கிளஃப்.

கிளஃப், இங்கிலாந்தின் டெர்பி என்கிற சிறிய ஊரின் அணியை இரண்டாம் டிவிஷனிலிருந்து தூக்கி, 1972-ல் இங்கிலாந்து சாம்பியன் ஆக்கினார். அடுத்த வருடம் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. ஊரே அவரைச் சாமியாக வைத்துக் கொண்டாடியது. ஆனால் மனிதருக்கு வாய் சும்மா இருக்காது. டி.வி.யில் பேசுவார், பேப்பரில் எழுதுவார், எல்லோரையும் வாரு வாரு என்று வாருவார். கிளப்பின் சேர்மன் சாம் லாங்சனுக்கு இது பிடிக்கவில்லை. டி.வி.யைக் குறை என்றார். 1973 அக்டோபரில், கிளஃபும் அவருடைய கூட்டாளி பீட்டர் டெய்லரும் ராஜினாமா கடிதத்தை நீட்டினார்கள். ‘ஐயோ வேண்டாம்’ என்று கெஞ்சுவார்கள் என்ற நினைப்பு. நிர்வாகம் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டது!

ஊர் கொதித்தது. ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள். ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, அவரைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்கள். நிர்வாகம் அசையவில்லை. கிளஃபிடம் கேப்டனாக ஆடிய டேவ் மக்கேயைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. ஆட்டக்காரர்கள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கத் தயாராக இல்லை.

என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? டெர்பி அழிந்திருக்கும் என்றா? 1975-ல், மக்கேயின் கீழ், டெர்பி மறுபடியும் இங்கிலாந்து சாம்பியன்!

அப்படியானால் நிர்வாகம் செய்தது சரியா? அவசரப்படாதீர்கள். டெர்பியிலிருந்து நாட்டிங்ஹாம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போகிற தூரம்கூட இல்லை. 1975 ஜனவரியில் கிளஃப் அங்கே போய்ச் சேர்ந்தார். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அப்போது இரண்டாம் டிவிஷனில் தூங்கிக்கொண்டிருந்த கிளப். 1977-ல் மேலே வந்தது. 1978-ல் இங்கிலாந்து சாம்பியன். 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பாவின் சாம்பியன்! அதே 1980-ல் டெர்பி முதல் டிவிஷனிலிருந்து கீழே விழுந்தது. 1984-ல் மூன்றாம் டிவிஷன். இன்றுவரை அது மறுபடி இங்கிலாந்து சாம்பியன் ஆனதில்லை. இரண்டு வருடக் கணக்கில் பார்த்தால் லாங்சன் புத்திசாலி. பத்து வருடக் கணக்கில் பார்த்தால்... பக்கத்து ஊருக்குப் பொக்கிஷத்தைப் பார்சல் கட்டிக் கொடுத்தவர்.

கதை இங்கே முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நேசிக்கப்படுகிறவரை விடாதே, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போகலாம். முடியவில்லையே!

நாட்டிங்ஹாமில் கிளஃப் 18 வருடம் இருந்தார். அங்கே அவரிடம் ‘போதும்’ என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. எப்படிச் சொல்வது? அந்த ஊரை உலகுக்குத் தெரிய வைத்தவரே அவர்தானே? 1992-93 சீசன். மனிதரைக் குடி பாதி தின்றுவிட்டது. முகம் சிவந்து, தடித்து, ஐம்பத்தெட்டு வயதுக்கு எழுபது வயது தோற்றம். சீசன் தொடக்கத்திலேயே டெடி ஷெரிங்ஹாமை விற்றார்கள், அவர் இடத்துக்கு ஈடாக ஆள் வரவில்லை. ராய் கீன் மாதிரி ஒரு ஆட்டக்காரர் இருந்தும் அணி கடைசி இடத்துக்குச் சரிந்தது. ஊருக்கே கண்ணுக்குத் தெரிந்தது. நிர்வாகம் பார்த்துக்கொண்டே இருந்தது. சீசன் முடிகிற நேரத்தில்தான் கிளஃப் ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தி வந்தது. 1993 மே 1-ம் தேதி, சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். 0-2 தோல்வி. அணி கீழ் டிவிஷனுக்கு விழுந்தது உறுதியானது. பொதுவாக இந்த மாதிரி நேரத்தில் நாற்காலிகள் பறக்கும். அன்றைக்கு மைதானம் முழுக்க, எதிரணி ரசிகர்கள் உட்பட, அவர் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். பச்சை ஸ்வெட்டர் போட்ட அந்த மனிதர் கையசைத்துக்கொண்டே போனார். 2004-ல் இறந்தார்.

அந்தப் பாட்டு அன்பு. சந்தேகமில்லை. ஆனால் அந்த மனிதரை ஒரு வருடம் முன்னாலேயே மரியாதையாக வழியனுப்பியிருந்தால், அவர் உடம்புக்கும் நல்லது, கிளப்புக்கும் நல்லது. கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தது அவருக்குச் செய்த உதவி என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, சென்னைக்குத் திரும்புவோம்.

2019-ல் கடைசி இடத்துக்குப் போன கிரெகரியை கிளப் அனுப்பவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. ஏப்ரலில் சூப்பர் கோப்பை இறுதிப் போட்டி வரை போய், கோவாவிடம் 1-2 என்று தோற்றது அணி. கொழும்பு எஃப்.சி.யைத் தாண்டி ஏ.எஃப்.சி. கோப்பையின் குரூப் ஆட்டங்களுக்கும் போயிருந்தது. ஆக, மனிதரிடம் சரக்கு தீர்ந்துவிடவில்லை என்று நம்ப இடமிருந்தது. லெஸ்டர் நினைவிருக்கிறதா? 5000-க்கு 1 என்று பந்தயம் கட்டிய அணியை 2016-ல் சாம்பியனாக்கிய ரனியேரியை, ஒன்பதே மாதத்தில் வெளியே தள்ளினார்கள். சென்னை அதைச் செய்யவில்லை. முழுசாக ஒரு சீசன் கூடுதலாகக் கொடுத்தது. நம் ஊர் நிர்வாகங்களின் லட்சணத்துக்கு இது பெரிய மனசுதான்.

அப்புறம்தான் அந்த 450 நிமிடம் வந்தது.

கிரெகரிக்குப் பதில் ஓவன் கோய்ல் வந்தார். அடுத்து நடந்ததை எண்களாகவே சொல்கிறேன். கிரெகரியின் ஆறு ஆட்டங்களில் 5 புள்ளி. கோய்லின் பன்னிரண்டு ஆட்டங்களில் 24 புள்ளி. அணி நான்காவது இடம். அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டியது. 2020 மார்ச் 14, இறுதிப் போட்டி. கொரோனாவால் ஒரு ரசிகர்கூட இல்லாத கோவா மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது.

பார்த்தீர்களா, அனுப்பியது எவ்வளவு சரி என்கிறார்கள் ஒரு சாரார். நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கோய்ல் வைத்து ஆடிய வால்ஸ்கிஸ், கிரிவெலாரோ, ஷெம்ப்ரி... எல்லோரும் கிரெகரி காலத்தில் சேர்த்த ஆட்கள்! வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் வாங்கி வைத்தவர் ஒருவர். அடுப்பைப் பற்ற வைக்கத் தெரிந்தவர் இன்னொருவர். கிரெகரிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் கண் போகவில்லை. அந்த ஆட்களிடமிருந்து ஆட்டத்தை வாங்கும் வழிதான் அந்த இரண்டு மாதத்தில் அடைபட்டுப் போயிருந்தது. ஒரு மேனேஜரை அனுப்பும்போது ‘இவருக்கு ஒன்றுமே தெரியாது’ என்று முடிவுகட்ட வேண்டிய அவசியமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. பிரிவது எப்போதும் கிளப்தானா? கோய்ல் 2010 ஜனவரியில், பர்ன்லி என்கிற கிளப்பை நடு சீசனில் விட்டுவிட்டுப் பக்கத்து போல்டனுக்குப் போனவர். அவரை மீட்பராகக் கொண்டாடிய பர்ன்லி ரசிகர்கள் ஒரே வாரத்தில் யூதாஸ் என்றார்கள். சென்னையிலும் அதே. ஒரே சீசன், இறுதிப் போட்டி, கைதட்டல்... 2020-ல் ஜாம்ஷெட்பூருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே 2021-22-ல் லீக் ஷீல்டையும் ஜெயித்துக் கொடுத்தார்.

அவர் போன பிறகு சென்னைக்கு சாபா லாஸ்லோ வந்தார், போனார். பாண்டோவிச் வந்தார், 2022-ல் சீசன் முடிவதற்குள் போனார். மிச்ச ஆட்டங்களைப் பார்த்துக்கொள்ளும்படி, பல வருடம் துணைப் பயிற்சியாளராக இருந்த நம்ம ஊர் சையத் சபீர் பாஷாவிடம் ஒப்படைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து வந்து போக, கூடவே இருந்த அந்த மனிதருக்கு இடைக்கால நாற்காலிதான்! அப்புறம் பிர்டாரிச் வந்தார். ஒரு சீசனில் அவரும் போனார். 2023-ல் கிளப் புதிய மேனேஜரை அறிவித்தது. பெயர், ஓவன் கோய்ல்.