கேள்வியை எழுதுவது யார்?

புதுச்சேரியின் மருத்துவக் கல்வி வரலாற்றை 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய 'எகோல் த மெதிசின்'லிருந்து சொல்வது வழக்கம். 1964இல் அது ஜிப்மர் ஆனது (நடுவில் தன்வந்திரி என்றொரு பெயர்). இந்த வரலாற்றில் வில்லியனூரும் பாகூரும் 'கள'மாக மட்டுமே வருகின்றன. வில்லியனூர் கொம்யூன் இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார மையமே இருக்கிறது.

குடியை அளக்க உலக சுகாதார நிறுவனம் 1989இல் தந்த வினாத்தாள் 'ஆடிட்'. பத்துக் கேள்விகள். பாகூரில் ஏதோவொரு கல்லூரியிலிருந்து வந்த பையன் முதல் கேள்வியை, எத்தனை நாளுக்கொருமுறை என்று, என் சித்தப்பாவிடம் கேட்டான். "கூலி கெடைக்கிற நாளெல்லாம்" என்றார். அவன் 'வாரம் நான்கு அல்லது மேல்' என்று டிக் அடித்துக்கொண்டான். கூலி அங்கேயே உதிர்ந்துபோயிற்று. அரசே ஏலம்விடும் சாராயக்கடை பற்றி பத்தில் ஒரு கேள்வியும் இல்லை. குடிப்பவன் உடல்தான் ஆய்வுப்பொருள். சித்தி பத்தாவது கேள்வியில் வருகிறார், கவலைப்படும் 'உறவினர்' என்ற பெயரில்.

சித்தியின் மகள் நர்ஸிங் படித்தவள். "சலைன் போடக் கத்துக்குடுத்தாங்க, கேள்வி எழுதக் கத்துக்குடுக்கல. நானா இருந்தா, கூலி குடுக்கற எடத்துலேர்ந்து கடை எவ்ளோ தூரம்னு மொதல்ல கேட்டிருப்பேன்" என்றாள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10% உள்ஒதுக்கீடு 2023இல் இங்கே வந்தது. அப்படி வருகிறவர்கள் குடிநோய் ஆய்வாளராக வேண்டுமென்றால், படிக்கும்போதே உதவித்தொகையும் முறையியல் பயிற்சியும் கூடநின்று சொல்லித்தர ஆளும் வேண்டும். நர்ஸிங் மாணவிகளுக்கும்தான். சீட்டுக்காகக் கத்திய நாம் இதற்கு ஒரு துண்டறிக்கைகூடப் போட்டதில்லை.