வீட்டுக்கு வந்த ஒலிப்பதிவு

1933-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களின் வழியே ஒரு ஃபோர்டு மோட்டார் வண்டி சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவர் இருவர். ஒருவர் ஜான் லோமாக்ஸ் என்னும் நாட்டுப்பாடல் திரட்டாளர். மற்றவர் அவருடைய மகன், பதினெட்டு வயதே நிரம்பிய ஆலன். அப்பயணத்தின்போது அவர்களிடம் வந்து சேர்ந்த ஒலிப்பதிவுக் கருவி வண்டியின் பின்புறத்தை அடைத்துக்கொண்டது. அதன் எடை 315 ராத்தல். அதாவது, இரண்டு ஆட்களின் எடை. லூசியானா மாநிலத்தின் அங்கோலாச் சிறையில் இருந்த லெட் பெல்லி என்னும் பாடகரின் குரலை அவர்கள் பதிவு செய்தது அவ்வாண்டில்தான். அவர்கள் போயிராவிட்டால், அக்குரல் அச்சிறைச் சுவர்களுக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கவும் கூடும்.

மாணவர்களே, இன்று உங்களிற் பலருடைய வீட்டில் ஒரு கணினி இருக்கிறது. உங்கள் பாட்டி பாடும் தாலாட்டையோ, ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லும் கதையையோ பதிவு செய்ய உங்களுக்கு மோட்டார் வண்டி வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கருவியை வாங்குவது, எதற்குப் பணம் செலவிடுவது என்ற ஐயம் மட்டும் உண்டு. கடைக்காரரைக் கேட்பதற்கு முன் வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம். அது விற்பனைக்கு நிற்பதில்லையாதலால், அதன் சொல்லை நம்பலாம்.

ஒலிப்பதிவின் தொடக்கக் காலத்திலேயே வீட்டிலிருந்தபடி பதிவு செய்யவும் முடிந்தது என்பது வியப்பான செய்தி. 1877-இல் எடிசன் வெள்ளீயத்தகட்டைச் சுற்றிய உருளையில் தம் குரலைப் பதித்தார். பின்னர் மெழுகு உருளைகள் வந்தன. அவற்றை வாங்கியவர் பிறர் பாட்டைக் கேட்கலாம். தாமும் பேசிப் பதிக்கலாம். வேண்டாத பதிவை மழித்துவிட்டு அதே உருளையில் மறுபடியும் பதிக்கலாம். ஓர் உருளையில் ஏறக்குறைய இரண்டு நிமிடந்தான் அடங்கும். அந்த இரண்டு நிமிடத்தை நம்பி, பேலா பார்டோக் என்னும் இசைமேதை 1906 முதல் ஹங்கேரி நாட்டுச் சிற்றூர்களில் உழவர்களின் பாடல்களைத் திரட்டினார்.

பெர்லினர் 1887-இல் உரிமம் பெற்ற தட்டையான இசைத்தட்டு இந்நிலையை மாற்றிவிட்டது. இசைத்தட்டை அச்சிடுவது எளிது. அடுக்கி வைப்பதும் எளிது. ஆயின் வீட்டுக் கிராமபோன் பாடுமேயன்றிப் பதிவு செய்யாது. பேசுகிறவர் சிலர், கேட்கிறவர் பலர் என்ற பிரிவினை அப்போது ஏற்பட்டது. வாணிகத்திற்கு அது வசதி. பாட்டிமார்களின் குரலுக்கு அது பேரிழப்பு என்பதே என் கருத்து.

இழந்த உரிமையை மீட்டுத் தந்தது காந்தம். டென்மார்க்கு நாட்டுப் பொறியாளர் வால்டெமார் பவுல்சன் 1898-இல் எஃகுக் கம்பியில் குரலைக் காந்தப் பதிவாக நிறுத்தினார். 1928-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃபுளோய்மர் கம்பிக்குப் பதிலாக இரும்புத் தூள் பூசிய காகித நாடாவைக் கொண்டுவந்தார். 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மாக்னடோஃபோன் என்னும் நாடாக் கருவி வைக்கப்பட்டது. எனினும் நாடாவில் இரைச்சல் மிகுதி. 1940-இல் அதற்கு மருந்து கிடைத்தது. பதிவாகும் ஒலியோடு, காதுக்கு எட்டாத உயர் அதிர்வுடைய மின்னோட்டம் ஒன்றையும் சேர்த்து நாடாவிற் செலுத்தியபோது இரைச்சல் வெகுவாக அடங்கிப்போயிற்று. போர்க்காலத்தில் இங்கிலாந்தில் பணிபுரிந்த ஜாக் மல்லின் என்னும் அமெரிக்கர், நள்ளிரவிலும் ஜெர்மன் வானொலியில் கீறலின்றி இசை ஒலிப்பதைக் கேட்டு, அந்த வேளையிலும் அங்கே வாத்தியக்காரர்கள் விழித்திருக்கிறார்களோ என்று வியந்தார். போர் முடிந்தபின் அக்கருவிகள் இரண்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து அஞ்சற் பைகளில் ஊருக்கு அனுப்பினார். 1946-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் பொறியாளர்களின் முன் அவற்றை இயக்கிக் காட்டினார். அமெரிக்க வானொலி நாடாவுக்கு மாறிய கதை அங்கே தொடங்குகிறது.

வானொலி நிலையத்து நாடாவை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கேசட். நிலையங்களில் நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். கேசட்டிலோ ஐந்து சென்டிமீட்டர்கூட ஓடாது. அகலமும் நான்கு மில்லிமீட்டருக்குக் குறைவு. ஒலியின் தரம் குறையத்தான் செய்தது. ஆனால் குறைந்த தரத்தைக் கொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1979-இல் டீயாக் நிறுவனம் கேசட் நாடாவில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் போர்ட்டாஸ்டூடியோ என்னும் கருவியை விற்கத் தொடங்கியது. 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் தாம் தங்கியிருந்த வீட்டில், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அக்கருவியையும் எளிய ஒலிவாங்கிகள் இரண்டையும் வைத்துக்கொண்டு தம் பாடல்களைப் பதிவு செய்தார். அவை மாதிரிப் பதிவுகளே. பிறகு தம் வாத்தியக் குழுவோடு பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் அவற்றையே பாடிப் பார்த்தார், மனம் நிறையவில்லை. கடைசியில் அந்த வீட்டுக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற பெயரில் இசைத்தட்டாக வெளிவந்தது.

அதே 1982-இல், அக்டோபர் மாதத்தில், ஜப்பானில் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. ஒலி எண்ணாக மாறிய காலம் இது. நொடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்துக்கொள்வதே குறுந்தகட்டின் முறை. அளவு கோலின் பிரிவுகள் நெருங்க நெருங்க அளவு துல்லியமாகும் அல்லவா? அதுபோன்றதே இதுவும். கணினிகளுக்கென 1989-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டையிலோ 256 படிகள்தாம் இருந்தன. போதாக்குறைக்கு, அது கணினிப் பெட்டியின் உள்ளே இருந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. சுற்றிலும் மின்சுற்றுகள் சலசலக்கும் இடத்தில் மெல்லிய குரலை அளப்பது, சந்தை நடுவே நின்று தம்பூரா கூட்டுவது போன்றது.

1996-இல் யு.எஸ்.பி. இணைப்பு முறை வந்தபின், அளக்கும் வேலையைக் கணினிக்கு வெளியே ஒரு சிறு பெட்டியில் வைத்துக்கொள்ள எளிய வழி பிறந்தது. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கடைகளில் வழங்குவது இப்பெட்டியே. இன்று இவற்றிற் பல ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட படிகளில் ஒலியை அளக்கின்றன. ஒலியைத் திருத்தித் தொகுக்க 2000-ஆம் ஆண்டு முதல் ஆடாசிட்டி என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. ஆகவே கணினியின் விலை, மென்பொருளின் விலை, படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து இன்றைய மாணவர் கவலைப்பட வேண்டியதில்லை. விளம்பரங்கள் பெரிய எழுத்தில் முழங்குவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. காற்றின் அசைவு மின்னோட்டமாக மாறும் அந்த முதல் இடத்திற் பிழை நேர்ந்தால், பின்னர் வரும் எந்தக் கருவியும் அதைச் சரிவர நேராக்காது. ஒலிவாங்கிகளுள் இருவகை முதன்மையானவை. டைனமிக் வகையில், காந்தத்தின் நடுவே கம்பிச் சுருள் அசைந்து மின்னோட்டம் உண்டாகிறது. அது முரட்டுப் பிள்ளை. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். அருகில் நின்று பேசுகிறவரின் குரலை வாங்கி, தொலைவிலுள்ள ஓசைகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். 1966-இல் வந்த ஷூர் எஸ்.எம். 58 என்ற ஒலிவாங்கி இவ்வகையினதே. இன்றும் மேடைகளில் அதைக் காணலாம். கண்டென்சர் வகையோ நுண்மையானது. மூச்சின் மென்மையையும் வாங்கும். கூடவே மின்விசிறியின் ஓசை, தெருவில் போகும் லாரி, அடுத்த வீட்டுக் குக்கர் யாவற்றையும் வாங்கும். அவ்வகையிற் பலவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் இணைப்புப் பெட்டியிலிருந்து வர வேண்டும். வாங்குமுன் இதைக் கேட்டறிக. தனி அமைதியான அறை இல்லாத நம் வீடுகளுக்கு, ‘நுண்மை மிக்கது’ என்ற புகழுரையைக் கேட்டு கண்டென்சரை வாங்குவதைவிட, முதலில் டைனமிக் ஒன்றை வாங்குவதே அறிவுடைமை என்பேன். டைனமிக் ஒலிவாங்கி தரும் மின்னோட்டம் மிகச் சிறிது. ஆதலின் அதைப் போதிய அளவு பெருக்க வல்ல பெட்டியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி வாங்கவும் வழியில்லாதவர், யு.எஸ்.பி. இணைப்போடு நேரே வரும் ஒலிவாங்கியைத் தேடலாம், அது குறைவானதன்று.

எதை வாங்கினாலும் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவு ஒரு சாண் அளவில் இருக்கட்டும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியின் ஆற்றல் நாலில் ஒன்றாகிவிடும். அறையிலோ, குரல் குறைய, சுவர்களின் எதிரொலி மட்டும் குறையாமல் நிற்கும். வெறும் சுவர்களை மூடச் சமக்காளமும் பஞ்சு மெத்தையும் போதும். துணிகள் நிறைந்த திறந்த அலமாரி இன்னும் நல்லது. பாட்டியைப் பாடச் சொல்வதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். முடிந்தால் குளிர்பதனப் பெட்டியையும். வியர்வையைத் துடைக்க ஒரு துண்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

பதிவை முதலில் சுருக்காமல் வேவ் வடிவிலேயே சேமியுங்கள். குறுந்தகட்டின் தரத்தில், ஒற்றைத் தடத்தில், நிமிடத்திற்கு ஐந்து மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். இன்றைய சேமிப்பகங்களுக்கு அது பொருட்டன்று. பேசுகிறவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைத் தொடக்கத்தில் நீங்களே சொல்லிப் பதியுங்கள். பிரதி இரண்டு எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். 1877-இல் எடிசன் முதன்முதற் பேசிய வெள்ளீயத்தகடு இன்று இல்லை. இன்று நாம் கேட்பது, ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி 1927-இல், தம் எண்பதாம் வயதில், அதே சொற்களை அவர் மறுபடி சொல்லிக் காட்டிய குரலைத்தான்.