தலைக்கவசச் சட்டம்: ஆய்விலிருந்து விதி வரை

இருசக்கர வண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது இன்று பல நாடுகளில் சட்டம். இச்சட்டத்திற்கு அடிப்படையான முதல் பெரும் ஆய்வு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியாவில் நடந்தது. அதைச் செய்தவர் ஹியூ கெயின்ஸ் (1896–1952). ஆஸ்திரேலியாவில் பிறந்த இவர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்தார்.

பின்னணி

'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935 மே 13 அன்று மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் கெயின்ஸும் ஒருவர். பின்னர் போர் தொடங்கியபோது, இராணுவச் செய்திகளைக் கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் பலர் தலைக்காயத்துடன் மருத்துவமனைக்கு வந்தனர். எதிரியின் குண்டால் அல்லாமல், சொந்த நாட்டுச் சாலையிலேயே உயிர்கள் போயின.

1941 ஆய்வு

1941 அக்டோபரில் பிரித்தானிய மருத்துவ இதழில் கெயின்ஸ் கட்டுரை வெளியிட்டார். போரின் முதல் 21 மாதங்களில் மோட்டார் சைக்கிளில் சென்ற 2,279 பேர் சாலை விபத்துகளில் இறந்ததாக அதில் குறிப்பிட்டார். போருக்கு முந்தைய 21 மாதங்களில் அந்த எண்ணிக்கை 1,884. தலைக்கவசம் அணிந்து அடிபட்டவர்களில் ஏழு பேரை மட்டுமே அவர் கண்டிருந்தார். அந்த ஏழு பேரும் பிழைத்தனர்.

ஏழு பேரை வைத்து உறுதியான முடிவுக்கு வர இயலாது. விபத்து நடந்த இடத்திலேயே இறந்தவர்கள் மருத்துவரின் கணக்கில் வருவதுமில்லை. ஆனால் தலைக்கவசத்தின் செலவு சிறிது. அது இல்லாவிட்டால் இழப்பு பெரிது. 1941 நவம்பரில், பணியில் வண்டி ஓட்டும் வீரர்கள் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என இராணுவம் ஆணையிட்டது.

தொடர் ஆய்வுகள்

ஆணை வந்த பின்பும் ஆய்வு நிற்கவில்லை. 1943இல் கெயின்ஸ், இயற்பியலாளர் ஹோல்போர்னுடன் இணைந்து, தலைக்கவசம் அணிந்தோர் சிக்கிய 106 விபத்துகளை ஆராய்ந்தார். 1946இல் வெளியான கட்டுரையில், ஆணைக்குப் பின் மோட்டார் சைக்கிள் இறப்புகள் குறைந்ததைக் காட்டினார். போர்க்காலப் பெட்ரோல் கட்டுப்பாட்டால் சாலையில் வண்டிகளும் குறைந்திருந்தன. எனவே, இறப்பு எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் காயங்களின் தன்மையையும் ஆராய்ந்தது இவ்வாய்வுகளின் வலிமை.

பொதுமக்களுக்கான சட்டம்

இராணுவம் ஒரு மாதத்தில் ஏற்றதைப் பொதுச்சட்டம் ஏற்க 32 ஆண்டுகள் ஆயின. பிரித்தானியாவில் 1973 ஜூன் 1 முதல்தான் தலைக்கவசம் கட்டாயமானது. வீரரின் உயிரிழப்பை இராணுவம் தன் இழப்பாகக் கண்டது. ஆணையிடும் அதிகாரமும் அதற்கு இருந்தது. பொதுவாழ்விலோ தனிமனித உரிமை என்ற கேள்வி எழுந்தது. தன் தலையைக் காத்துக்கொள்ளுமாறு ஒருவரைச் சட்டம் கட்டாயப்படுத்தலாமா என்பதற்கு ஆய்வு மட்டும் விடை தருவதில்லை. அந்த உரிமைக்கு எத்தனை உயிர்கள் விலையாகின்றன என்பதை அது தெளிவாக்கும்.

அமெரிக்காவில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. நடுவண் அரசின் நிதி அழுத்தத்தால் 1975க்குள் 47 மாநிலங்கள் தலைக்கவசச் சட்டம் இயற்றியிருந்தன. 1976இல் அந்த அழுத்தம் நீக்கப்பட்டதும் பல மாநிலங்கள் சட்டத்தைக் கைவிட்டன அல்லது தளர்த்தின. அம்மாநிலங்களில் இறப்புகள் கூடியதை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின.

இன்றைய நிலை

2008இல் காக்ரேன் அமைப்பு 61 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. விபத்தில் சிக்கும் மோட்டார் சைக்கிள் பயணிகளின் இறப்பு அபாயத்தைத் தலைக்கவசம் ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது அதன் முடிவு.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தை வலியுறுத்துகிறது. ஆயினும் தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த, சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. சான்று கிடைத்த பிறகும் சட்டம் இயற்றுவது ஒரு படி, அதை அன்றாடம் கடைப்பிடிக்கச் செய்வது மற்றொரு படி என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது.