பருவும் மாத்திரையும்

முகத்தில் பரு வந்தால் குலசேகரன்பட்டினத்துப் பெண் உப்புக்காற்றைப் பழிக்கலாம். காரணம் உடலுக்குள்ளேதான் இருக்கிறது. பெண்களுக்கும் சிறிதளவு சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகிறது.

1960இல் அமெரிக்கா கருத்தடை மாத்திரையை அனுமதித்தது பருவுக்காக அல்ல. ஆனால் அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ஈரலில் ஒரு புரதத்தைப் பெருக்குகிறது. அப்புரதம் ஆண்ட்ரோஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, எண்ணெய்ப்பசை குறைகிறது. 1997இல் ஒரு மாத்திரை அங்கே பரு மருந்தாகவும் ஏற்கப்பட்டது.

எல்லா மாத்திரையும் ஒன்றா? இல்லை. நம் மாலா-டியிலுள்ள லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கே சிறிது ஆண்ட்ரோஜன் குணம் உண்டு. ஜெர்மனியின் ஷெரிங் நிறுவனம் கண்ட சைப்ரோட்டிரோனோ ஆண்ட்ரோஜனை நேரே தடுக்கும். அது சேர்ந்த டயான்-35ஐ, இரத்தம் உறையும் ஆபத்துக் கருதி 2013இல் பிரான்ஸ் நிறுத்திவைத்தது. பிறகு கட்டுப்பாடுகளுடன் அனுமதித்தது. அக்காளுக்குக் கேட்டதென்று தங்கை தானே வாங்கி விழுங்கலாகாது, அன்பர்களே! மருத்துவர் பார்த்துக் கொடுத்தாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும்.