கருமணலும் ஆவாரங்குச்சியும்

மார்கழி கடைசி. சம்பா அறுப்புக்கு மெஷின் சொல்லியாச்சு. ஆனாலும் மெஷின் திரும்ப முடியாத மூலையிலும், மழையில் பயிர் படுத்துப்போன இடத்திலும் கையால்தான் அறுக்கணும். பரணில் கிடந்த ஆறு கருக்கரிவாளை எடுத்துப் பார்த்தேன். எல்லாமே பல் தேய்ந்து துருப்பிடித்து இருந்தது. பையில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் கருமார் பட்டறைக்குப் போனேன். விக்கிரவாண்டிக்கும் மயிலத்துக்கும் நடுவில், எங்களைச் சுற்றியிருக்கிற பத்துப் பன்னிரண்டு ஊருக்கு இன்று மிச்சமிருப்பது அந்த ஒரு பட்டறைதான்.

ஆசாரிக்கு எழுபது வயசு தாண்டியாச்சு. ஒரு அரிவாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது எங்கப்பா அடிச்சது தம்பி" என்றார்.

"எப்படித் தெரியுது?"

"வளைவைப் பாருங்க. என் கை இப்படிப் போவாது."

குந்தி உட்கார்ந்து கருக்கு வெட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வதுபோல் இன்னொன்றும் சொன்னார். "பொங்கலோட நிறுத்திடலாம்னு இருக்கேன். பட்டறைக்கல்லை விழுப்புரத்துல பழைய இரும்புக் கடையில கேட்டுட்டேன். கிலோ கணக்குல எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டான்."

சென்னையில் நீங்கள் காயலான் கடை என்று சொல்வீர்களே, அதுதான். எத்தனையோ ஊருக்குக் கொழுவும் மண்வெட்டியும் அடித்துக் கொடுத்த கல், கிலோ கணக்கில் போகப்போகிறது. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நம்ம பக்கத்து இரும்பு இப்படி முடிவது முதல் தடவை இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் மண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். பெருமழை அடித்து ஓய்ந்ததும் எங்கள் வாய்க்காலில் பாருங்கள். வெள்ளை மணலுக்கு நடுவே கறுப்பாகக் கோடு கோடாக ஒரு மணல் படிந்திருக்கும். சின்ன வயசில் உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை உருவி அதில் புரட்டுவோம். கறுப்பு மணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அது விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். அது மேக்னடைட், இரும்புத் தாது. பாறை தேய்ந்து மண்ணாகும்போது மற்றதெல்லாம் லேசாக இருப்பதால் தண்ணீரோடு போய்விடும். கனமான இது மட்டும் தங்கிவிடும். சேலம் கஞ்சமலை, திருவண்ணாமலை கவுத்தி மலையிலெல்லாம் இதே தாது பாறையாகவே இருக்கிறது.

இந்த மணலையும் பாறையையும் இரும்பாக்கியது நம்ம ஊர் ஆட்கள்தான். அதற்குப் பெரிய ஆலை எல்லாம் கிடையாது. ஆள் உயரம்கூட இல்லாத களிமண் உலை. அடி அகலம், வாய் குறுகல். ஆட்டுத்தோலில் செய்த இரண்டு துருத்தி, ஒன்று மாற்றி ஒன்று ஊதிக்கொண்டே இருக்கும். ஒரு கூடை மரக்கரி, அதன்மேல் கொஞ்சம் தாது, மறுபடி கரி. மூன்று நாலு மணி நேரம் ஊதினால் தாதுவில் இருக்கிற ஆக்சிஜனைக் கரி பிடுங்கிக்கொள்ளும். இரும்பு உருகி ஓட 1500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இந்த உலையில் அவ்வளவு வராது. அதனால் இரும்பு தண்ணீராக ஓடாமல், பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டியாக அடியில் உட்காரும். உலையை உடைத்து அதை எடுத்து, சூடு ஆறுவதற்குள் சம்மட்டியால் அடித்துக் கிட்டத்தைப் பிதுக்கி வெளியேற்றினால் இரும்பு. ஒதுக்கிப் போட்ட கிட்டம்தான் பழைய ஊர் மேடுகளில் கறுப்புக் கல்லாகக் கிடக்கிறது. நூறு வருசம் பழசான இந்தக் கிட்டத்துக்குச் சித்த வைத்தியத்தில் மண்டூரம் என்று பெயர். சோகைக்கு மருந்து.

இது எவ்வளவு பழைய வேலை? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ல் தமிழக அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் முடிவு வந்தது. அது கி.மு. 3345 வரை போகிறது. இந்தக் கணக்கைப் பற்றி அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். எனக்கு அதைவிடப் பெரிய விசயம், இந்த வேலை நேற்றுவரை நம்ம தென்னாற்காட்டில் நடந்தது என்பதுதான்.

சங்கராபுரம் பக்கம் மேல்சிறுவள்ளூர் என்று ஒரு ஊர். 2019 வரை அது எங்கள் விழுப்புரம் மாவட்டம். இப்போது கள்ளக்குறிச்சி. அங்கே எஃகு காய்ச்சிய மூசைத் துண்டுகள் கிடப்பதைப் பார்த்து, உலோக ஆய்வாளர் ஷாரதா ஸ்ரீனிவாசன் 1994ல் கட்டுரை எழுதினார். வெள்ளைக்காரர்கள் ஊட்ஸ் என்று சொன்ன உருக்கு அது. டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடிய வாள்களுக்கு இந்தியாவிலிருந்து போன எஃகு அந்த வகைதான். லண்டனில் மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தில் பேர் வாங்குவதற்கு முன்பு, 1820 வாக்கில் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்கிறவரோடு சேர்ந்து இந்த எஃகை ஆராய்ந்திருக்கிறார். ஃபாரடேவின் அப்பாவும் ஒரு கருமார்தான்.

எஃகு எப்படிக் காய்ச்சினார்கள் என்பதுதான் என்னை அசத்தியது. சேலம் பக்கத்துச் செய்முறையை ஒரு வெள்ளைக்காரர் 1839ல் எழுதி வைத்திருக்கிறார். அரை கிலோ அளவு இரும்பைச் சின்னத் துண்டாக வெட்டிக் களிமண் மூசையில் போட வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு எடைக்குக் காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிச் சேர்க்க வேண்டும். மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்துக் காயவைத்து, இருபது இருபத்துநாலு மூசையை ஒன்றாக உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊத வேண்டும். மூடிய மூசைக்குள் ஆவாரங்குச்சி கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறுகிறது. கரி ஏற ஏற இரும்பு உருகுகிற சூடு குறைகிறது. அதனால் தோல் துருத்திக் காற்றிலேயே எஃகு உருகிவிடும். ஆற வைத்து மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி.

ஆவாரையும் எருக்கும் எங்கள் களத்து மேட்டில் இன்றும் நிற்கின்றன. ஆவாரம்பூவைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கிறோம், எருக்கம்பூவைப் பிள்ளையாருக்குப் போடுகிறோம். உலகத்தின் நல்ல எஃகுக்கான சாமான் வரப்பிலேயே நின்றிருக்கிறது.

இதை எழுதி வைத்த அந்த வெள்ளைக்காரர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு இரும்பில் இறங்கியவர். சேலத்துத் தாதுவைப் பார்த்து, இங்கிலாந்து மாதிரி பெரிய ஊதுலை வைத்தால் கொட்டும் என்று கணக்குப் போட்டார். 1830ல் தென்னாற்காட்டுக் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் நடந்த முதல் இரும்பு ஆலைகளில் அது ஒன்று. கம்பெனி சர்க்கார் கடன் கொடுத்தது, காட்டில் விறகு வெட்ட உரிமை கொடுத்தது. தாது சேலத்திலிருந்து வண்டியிலும் பரிசலிலும் வந்தது. இரும்பு கப்பலேறி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரை போனது. தரத்தில் குறை சொன்னவர்கள் இல்லை.

பிறகு ஏன் நொடித்தது? கரி. ஒரு டன் கரிக்கு நாலைந்து டன் விறகு வேண்டும். ஒரு டன் இரும்புக்கு அந்தக் கரி பல டன் வேண்டும். கிராமத்து உலை வருசத்தில் சில மாதம் எரியும், கரியும் பக்கத்துக் காட்டோடு போயிற்று. ஊதுலை ராத்திரி பகல் அணையக்கூடாது. பக்கத்துக் காடு தீர்ந்ததும் தூரத்துக் காடு, அதுவும் தீர்ந்ததும் இன்னும் தூரம். வண்டிக்கூலி ஏற ஏற இரும்பின் விலையும் ஏறியது. இங்கிலாந்திலோ 1709லேயே ஆபிரகாம் டார்பி என்பவர் மரக்கரியை விட்டுவிட்டு, நிலக்கரியைச் சுட்ட கோக்கில் இரும்பு காய்ச்ச வழி கண்டுவிட்டார். நம்ம பக்கம் அந்த வகை நிலக்கரி கிடையாது. நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. கரண்டுக்கு ஆகும், ஊதுலைக்கான கோக்குக்கு ஆகாது.

ஹீத்தின் கம்பெனி கைமாறியது. 1853ல் லண்டனில் புதுக் கம்பெனி தொடங்கி, தென்னாற்காட்டில் ஒன்று, காவிரிக் கரையில் ஒன்று என்று ஊதுலை வைத்தார்கள். அவையும் சில வருசத்தில் அணைந்தன. ஹீத் ஷெஃபீல்டுக்குப் போய், எஃகில் மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று 1839ல் காப்புரிமை வாங்கினார். அந்த ஊர் எஃகு முதலாளிகள் அதை வைத்துப் பணக்காரரானார்கள். அவர் வழக்கு நடத்தியே செத்துப்போனார்.

பெரிய உலை செத்தது, சரி. சின்ன உலை ஏன் செத்தது? அதை இரண்டு பக்கமும் நெருக்கினார்கள். 1856ல் சென்னை ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்தது. தண்டவாளம், எஞ்சின், கடைசியில் ஆணி வரை சீமையிலிருந்து வந்து இறங்கியது. அதே வருசம் பெஸ்ஸிமர் என்பவர் எஃகை டன் கணக்கில் மலிவாகக் காய்ச்ச வழி சொன்னார். 1879க்குள் விழுப்புரத்துக்கும் அங்கிருந்து புதுச்சேரிக்கும் ரயில் வந்துவிட்டது. சீமை இரும்புப் பட்டை ஸ்டேஷனில் இறங்கி வண்டியேறி ஊர் ஊராகப் போனது. இன்னொரு பக்கம் 1882ல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காட்டில் அனுமதி இல்லாமல் மரம் வெட்டினால் குற்றம். மூட்டைக் கரி எடுத்து இரும்பு காய்ச்சியவன் திருடன் ஆனான். ரயில் எஞ்சினுக்கோ டன் கணக்கில் விறகு போனது. அதற்காகவே கடற்கரை ஓரம் சவுக்குத் தோப்பு வைத்தார்கள். மரக்காணம் பக்கம் நீங்கள் கார் கண்ணாடி வழியாகப் பார்க்கிற சவுக்குக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

அதற்குப் பிறகு நம்ம ஊர் கருமார் இரும்பைக் காய்ச்சுகிறவர் இல்லை, வந்த இரும்பை அடிக்கிறவர். அதுவும் லேசான வேலை இல்லை. கொழு தேய்ந்தால் கூர் வைக்கணும். கவலை இறைக்கிற சாலுக்கு ஒட்டுப் போடணும். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். பட்டாவைத் தரையில் வைத்து வரட்டியை வட்டமாக அடுக்கிக் கொளுத்துவார்கள். சூட்டில் பட்டா விரியும். நாலு பேர் குறட்டால் தூக்கிச் சக்கரத்தில் இறக்கி, உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டா சுருங்கும்போது மரம் முறுக்கிக்கொண்டு ஒரு சத்தம் போடும். ஆணியே வேண்டாம்.

இதற்கெல்லாம் கூலி காசு இல்லை. அறுப்பு முடிந்து பொலி தூற்றியதும், களத்திலேயே ஆசாரிக்கு மேரை அளந்துவிட்டுத்தான் நெல் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டில் அதை நிறுத்தியது யார் என்று கேட்டால், நான்தான். டிராக்டர் ஓட ஆரம்பித்த பிறகு கொழு பரணுக்குப் போனது. மண்வெட்டி கடையில் மலிவாகக் கிடைத்தது. "வேலையே இல்லாம எதுக்கு மேரை?" என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வருசம் ஆசாரி களத்துக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சீமை இரும்பு மலிவு என்று வாங்கிய அந்தக் காலத்து ஆட்களைப் பற்றி எழுதும்போது இது உறுத்துகிறது.

இன்று அந்தப் பட்டறையில் ஓடுவது லாரி ஸ்பிரிங் பட்டை. பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்து அதில்தான் அரிவாள் அடிக்கிறார். கரி வேலிகாத்தான் கரி, ஊதுவது கரண்டு ஊதுகுழல். ஆனால் எந்தச் சிவப்பில் எடுத்துத் தண்ணி காட்டணும் என்பது கண்ணில்தான் இருக்கிறது. கொஞ்சம் முந்தினால் மழுங்கும், பிந்தினால் பல் தெறிக்கும். அதை எந்த வெள்ளைக்காரரும் எழுதி வைக்கவில்லை. அவர் மகன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. அதுவும் இரும்பு வேலைதான், ஆனால் இந்தச் சிவப்பு அவனுக்குத் தெரியாது.

பட்டறைக்கல்லை நானே வாங்கிக்கொள்ளலாமா என்று முதலில் யோசித்தேன். வாங்கித் திண்ணையில் வைத்தால் வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள். அவ்வளவுதான்.

நாலு நாள் கழித்து மறுபடி போனேன். இந்தத் தடவை எங்கள் தெருவில் ஐந்து வீட்டு அரிவாள், களைக்கொட்டு, கடப்பாரை எல்லாம் மூட்டையாக. அறுப்பு முடிந்ததும் ஏக்கருக்கு இரண்டு மரக்கால் நெல் களத்தில் அளப்போம் என்று ஐந்து பேரும் பேசி வைத்திருந்தோம். எங்கள் ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற பையன் ஒருத்தனையும் கூட்டிப்போனேன். அவன் ஸ்பிரிங் பட்டையைத் தட்டிப் பார்த்து ஏதோ கேட்டான். ஆசாரி பதில் சொல்லாமல் குறட்டை அவன் கையில் கொடுத்தார்.

கிளம்பும்போது கேட்டேன், "பழைய இரும்புக் கடைக்காரன் வந்தானா?"

"வந்தான். சித்திரை கழிச்சு வான்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். "மேரை அளக்க என்னைக் கூப்புடுவீங்களா தம்பி, இல்ல வீட்டுக்கே அனுப்பிடுவீங்களா?"

"களத்துக்கு வாங்க ஆசாரி" என்றேன். எங்கப்பா இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.