நல்ல சமாரியன் சோதனை

ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடத்தி, 1973இல் வெளியிட்ட ஆய்வு. பிறருக்கு உதவுவதைக் குணம் தீர்மானிக்கிறதா, சூழல் தீர்மானிக்கிறதா என்பதே கேள்வி.

சோதனைக்கு ஆளானவர்கள் இறையியல் மாணவர்கள் 40 பேர். ஒரு சிற்றுரை ஆற்றப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஒவ்வொருவராக அனுப்பப்பட்டார்கள். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனைப் பற்றிய இயேசுவின் உவமை; மற்றவர்களுக்கு வேலைவாய்ப்பு. போகும் வழியிலிருந்த சந்தில் ஒரு வாசலோரம் ஒருவர் தலை கவிழ்ந்து, கண்மூடி, இருமி முனகிக்கொண்டிருந்தார், ஆய்வாளர்களின் ஆள்தான்.

‘நேரமாகிவிட்டது’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினார்கள். அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காடு, இடைப்பட்டவர்களில் 45. உரையின் தலைப்போ சமயப் பற்றின் அளவோ உதவுவாரா மாட்டாரா என்பதைக் கணிக்கப் பயன்படவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப்போன சிலர் அந்த மனிதரைத் தாண்டிக் கால்வைத்துப் போனதாகவும் அறிக்கை சொல்கிறது.

இதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. உதவாத பலர் உரையாற்ற வந்து சேர்ந்தபோது கலக்கத்தோடு காணப்பட்டார்கள். உரைக்காக அங்கே காத்திருந்தவருக்குக் கொடுத்த வாக்கும் இழுத்ததல்லவா? 40 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் சமூக உளவியல் பாடநூல்கள் இதை விட்டபாடில்லை.