மாணவர் மகமை: வளாகப் பசுமை நிதிகளின் வரலாறும் ஒரு தீவு வினாவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டார நாடார் வணிகர்கள் தம் சரக்கின் மீது தாமே ஒரு சிறு தொகையை விதித்துக்கொண்டனர். அதற்கு மகமை என்று பெயர். அது அரசு விதித்த வரியன்று. உறவின்முறை கூடி அதை முடிவு செய்தது; உறவின்முறையே வசூலித்தது; கணக்கும் அங்கேயே கேட்கப்பட்டது. விருதுநகரில் 1880களில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை இத்தகைய பொதுநிதியாலும், வீடுதோறும் எடுத்துவைக்கப்பட்ட பிடி அரிசியாலும் வளர்ந்தது. காமராசர் பயின்ற பள்ளி அது.

தருபவரே விதிப்பவர் என்பது மகமையின் அடிப்படை நெறி. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், இதை அறியாமலே, அமெரிக்க மாணவர்கள் அதே நெறியை வேறொரு தேவைக்காக வந்தடைந்தனர். 1970 ஏப்ரல் 22இல் முதல் புவி நாள் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் மாணவர்களே ஒரு சுற்றுச்சூழல் மையத்தை நிறுவினர். 2000இல் அவ்வளாக மாணவர்கள், காற்றாலை மின்சாரம் வாங்குவதற்காகப் பருவத்துக்கு ஒரு டாலர் கூடுதலாகச் செலுத்த வாக்களித்தனர். 2007இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பருவத்துக்கு 5 டாலர் என வாக்கெடுப்பில் முடிவாயிற்று. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் பயிலும் இடத்தில் அச்சிறுதொகை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்குக் குறையாது. மாணவர் பெரும்பான்மை கொண்ட குழு அதைப் பகிர்ந்தளித்தது. ஒரு பகுதி வசதியற்ற மாணவருக்கான உதவித்தொகைக்குத் திரும்பியது. 2009இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் பாட மதிப்பலகு ஒன்றுக்கு 50 சென்ட் தர இசைந்தனர். அதற்கு ஈடான தொகையை நிருவாகமும் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்நிதிகள் மூன்று இக்கட்டுகளைச் சந்தித்தன. முதலாவது, பெரும்பான்மை இசைந்ததற்காக, இசையாதவரும் செலுத்த வேண்டுமா என்பது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கட்டாய மாணவர் கட்டணத்தை எதிர்த்த சவுத்வொர்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000 மார்ச்சில் தீர்ப்பளித்தது. கருத்துச் சார்பின்றிப் பகிர்ந்தளிக்கும் வரை கட்டாயக் கட்டணம் செல்லும் என்றது. ஆனால், எந்த மாணவர் அமைப்புக்குப் பணம் என்பதை வாக்கெடுப்பால் தீர்மானிக்கும் முறையை அது ஐயத்துடனே நோக்கியது. அவ்வழக்கு கருத்துரிமை பற்றியது. சூரியத்தகடு வாங்குவது பற்றியதன்று. எனினும், வாக்கு எண்ணிக்கை மட்டுமே நியாயமாகிவிடாது என்ற பாடம் பசுமை நிதிக்கும் பொருந்தும்.

இரண்டாவது, காலம். மகமை செலுத்திய வணிகர் அவ்வூரிலேயே வாழ்ந்து மறைந்தார். மாணவரோ மூன்று நான்கு ஆண்டுகளில் வெளியேறுகிறார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவர் நிதியை நம்பித் தொடங்கிய காற்றாலைத் திட்டம் பல ஆண்டுகள் இழுபட்டுக் கைவிடப்பட்டது. தொடக்கத்தில் பணம் தந்தவர்களில் பலர் அதற்குள் பட்டம் பெற்றுச் சென்றிருந்தனர். பின்னர் அந்நிதியின் பங்களிப்புடன் 21 ஏக்கரில் எழுந்த சூரியப் பண்ணை 2015 இறுதியில் இயங்கத் தொடங்கியது. ஒரு தலைமுறை மாணவர் தந்ததை அடுத்த தலைமுறை துய்க்கிறது. ஆதலால், குறித்த ஆண்டுகளுக்குப் பின் கட்டணத்தை மறுவாக்குக்கு விடும் வழக்கம் இங்கே இன்றியமையாதது.

மூன்றாவது, நிருவாகம் தன் கடமையை மாணவர் தலையில் இறக்கிவைக்கும் இடர். பழுதான மின்கம்பியை மாற்றுவது நிருவாகத்தின் பொறுப்பு. அதற்குப் பசுமை நிதியிலிருந்து எடுத்தால் நிதியின் பெயர் மட்டுமே மிஞ்சும். மக்கிலின் ஈடுத்தொகை ஏற்பாடு இவ்விடருக்கு ஒரு கடிவாளம்.

இந்தியக் கல்லூரிக் கட்டணச் சீட்டில் நூலகம், விளையாட்டு, அடையாள அட்டை எனத் தலைப்புகள் பல. செலுத்துபவர் அவற்றை விதித்தவரல்லர். மாணவர் பேரவைத் தேர்தல் குறித்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்று 2006இல் ஆணையிட்ட பின்னும், தேர்தலே காணாத வளாகங்கள் பல உள்ளன. வாக்கில்லாத இடத்தில் மகமை பிறக்காது, வசூலே பிறக்கும்.

அந்தமானில் இவ்வினாவுக்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. தீவுகள் நாட்டின் மின்தொகுப்போடு இணைக்கப்படாதவை; மின்சாரத்தின் பெரும்பகுதி கப்பலில் வந்திறங்கும் டீசலால் கிடைப்பது. காராச்சர்மாவில் 2013இல் 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. நெய்வேலி நிறுவனம் அட்டம்பகாட், டாலிகஞ்ச் ஆகிய இடங்களில் 20 மெகாவாட் நிறுவியது. இவை மேலிருந்து வந்த முடிவுகள். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேரில், 1967 முதல் ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரி இயங்குகிறது. டெய்ரி ஃபார்மிலிருந்து அங்குச் செல்லும் மாணவர், தம் வீட்டு விளக்கு எதனால் எரிகிறது என்பதைப் பாடநூலின்றியே அறிவார். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தும் கோடையில் குடிநீர் முறைவைத்து வரும் நகரம் இது என்பதையும் அறிவார்.

இரண்டாயிரம் மாணவர் பயிலும் ஒரு கல்லூரியில் பருவத்துக்கு 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் சேரும். வளாகம் முழுவதற்கும் ஒளியூட்ட அது போதாது. ஒரு கூரையின் மழைநீரைத் தேக்கவோ, சில சூரியத்தகடுகள் பொருத்தவோ உதவலாம். மழைநீரா, வெயிலா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஆண்டிறுதியில் கணக்குக் கேட்கும் உரிமையும் 50 ரூபாய் தந்தவரிடம் இருந்தால், அது மகமை. இல்லையேல், கட்டணச் சீட்டில் இன்னொரு வரி.